மாமா வீட்டு கம்ப்யூட்டரும் நான் போட்ட வேலியும்

தைப்பூசத்துக்கு மூணு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழம காலைல பசியாறிக்கிட்டு இருக்கேன், மாமா போன் பண்றாரு. "மாப்ள, கம்ப்யூட்டரு ஏரோப்ளேன் மாதிரி சத்தம் போடுது, தண்ணீர் பந்தல் கணக்கு எல்லாம் அதுலதான் இருக்கு, கொஞ்சம் வந்து பாரு"ன்னாரு. நான் மலேசியால, பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில மெஷின் டெக்னீசியன், கம்ப்யூட்டர் படிச்சவன் கெடையாது, ஆனா சொந்தக்காரங்க வீட்ல ஒருத்தன் ஒரு தடவ பிரிண்டர சரி பண்ணிட்டான்னா ஆயுசுக்கும் அவன்தான் ஐடி டிபார்ட்மெண்ட், இது எல்லா குடும்பத்துலயும் உள்ளதுதான். மோட்டார எடுத்துக்கிட்டு ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போயிட்டேன்.

மாமா ஹார்பர்ல வேல செஞ்சு பென்ஷன் வாங்குனவரு, வருஷா வருஷம் கூட்டாளிங்களோட சேந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு போற வழில ஒரு பந்தல் போடுவாரு. யாரு எவ்ளோ வெள்ளி (ரிங்கிட்) குடுத்தாங்க, யாரு மோர் பாக்கெட்டு ஏத்துக்கிட்டாங்க, யாரு வாழையிலைக்கு பொறுப்பு, பேரு, போன் நம்பரு எல்லாம் எக்ஸெல்ல. அதோட அத்தைக்கு உயிரான பழைய ஃபோட்டோங்க, பேரனோட பொறந்தநாள் வீடியோ, எல்லாமே அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்ல. காப்பி வேற எங்கயும் கெடையாது, கேட்டா "ஏன் மாப்ள, அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே"ங்குறாரு.

போய் உக்காந்தா நெசமாவே ஃபேன் அலறுது. சும்மா டெஸ்க்டாப்ல நிக்குது, ஒண்ணும் ஓடல, ஆனா கேஸ தொட்டா சுடுது. சரி எது சாப்பிடுதுன்னு பாப்போம்னு டாஸ்க் மேனேஜர தொறந்தேன், டக்குனு சத்தம் அடங்கிடுச்சு. மூடுனேன், அர நிமிஷத்துல மறுபடி ஏரோப்ளேன். திரும்ப தொறந்தேன், அடங்கிருச்சு. வாத்தியாரு வர்ற சத்தம் கேட்டா அமைதியாகுற கிளாஸ் மாதிரி. இது கிரிப்டோ மைனர், நம்ம கம்ப்யூட்டர வச்சு வேற எவனோ காசு சம்பாதிக்கிற புரோகிராம், அதுல சிலது டாஸ்க் மேனேஜர் தொறந்தா தானா ஒளிஞ்சுக்கும், நாம எதையும் பாக்கக்கூடாதுன்னு. மாமா பாவம், ரெண்டு மாசமா கரண்ட் பில்லு ஏறுதுன்னு ஐஸ்பொட்டிய சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்திருக்காரு.

"ஆன்ட்டிவைரஸ் இல்லையா மாமா?"ன்னு கேட்டேன். இருக்கே, கீழ மூலைல பச்ச டிக் போட்டு ஜம்முனு உக்காந்திருக்கு, பாதுகாப்பா இருக்கீங்கன்னு சொல்லுது. தொறந்து கடைசி அப்டேட் எப்போன்னு பாத்தேன். 2016.

எனக்கு தலைல யாரோ தண்ணி ஊத்துன மாதிரி இருந்துச்சு, ஏன்னா அத போட்டது நான்தான். மாமா அந்த கம்ப்யூட்டர வாங்குன வருஷம், காசு குடுத்து வாங்க வேண்டிய ஆன்ட்டிவைரஸ எங்கயோ டவுன்லோட் பண்ணி, காசு கட்டாமலே ஓட வைக்கிற கிராக் போட்டு, "மாமா, இனிமே அஞ்சு வருஷத்துக்கு கவலையே வேணாம்"னு பெருமையா சொல்லிட்டு அத்தை குடுத்த கோழி பெரட்டல சாப்ட்டுட்டு போனவன். அந்த கிராக் என்ன பண்ணுதுன்னா லைசன்ஸ செக் பண்ற சர்வர் பக்கமே போகவிடாம, எந்த சர்வர் எங்க இருக்குன்னு விண்டோஸ் பாக்குற ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல அடைச்சு வச்சிடும், அப்டேட்டும் அந்த வழியாதான் வரணும், ஆக லைசன்ஸும் செக் ஆகல, புது வைரஸ் பட்டியலும் வரல, ஆனா பச்ச டிக் மட்டும் வருஷக்கணக்கா சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கு. இதுல இன்னொரு கொடும என்னன்னா, வேற ஆன்ட்டிவைரஸ் ஏறுனா விண்டோஸ்லயே இருக்குற டிஃபெண்டர் "சரி, நீ பாத்துக்கோ"ன்னு ஒதுங்கிடும். சும்மா விட்டிருந்தா ஓசிலயே நல்லா காவல் காத்திருக்கும், நான் போய் அத தூங்க வச்சிட்டு செத்த காவல்காரன நிக்க வச்சிருக்கேன்.

வேலியே பயிர மேஞ்ச கதைனு கேள்விப்பட்டிருக்கோம், வேலிய போட்டவனே ஆட்டுக்கு வழி விட்ட கத இது. ஏன்னா இன்னும் இருக்கு.

அப்டேட் வந்தா கிராக் போயிடும்னு விண்டோஸ் அப்டேட்டயும் நான் அப்பவே நிறுத்தி வச்சிருக்கேன். அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு மச்சானோட லேப்டாப்புல இருந்து மாமா பிரிண்டருக்கு பிரிண்ட் போகலன்னு கூப்ட்டாங்க, அர மணி நேரம் மல்லுக்கட்டி பாத்துட்டு, எரிச்சல்ல ஃபயர்வால, அதாவது நெட்வொர்க் வழியா கூப்புடாம உள்ள வர்றத தடுக்குற காவல, மொத்தமா ஆஃப் பண்ணேன், பிரிண்ட் வந்துருச்சு, எல்லாரும் கை தட்டுனாங்க. திரும்ப ஆன் பண்ணவே இல்ல. விண்டோஸ் ஃபயர்வால் செட்டிங்ஸ தொறந்தா டொமைன், பிரைவேட், பப்ளிக்னு மூணு வரி, மூணும் செவப்பு. பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்க அனுமதின்னு ஒரே ஒரு டிக் போட்டிருந்தா போதும், ஒரு ஜன்னல தொறக்க வேண்டிய எடத்துல சுவத்த இடிச்சிருக்கேன்.

இத்தனைக்கும் ஃபயர்வால் இல்லைன்னா என்ன ஆகும்னு சின்ன வயசுலயே பட்டவன் நான். 2003 ஆகஸ்ட்டு, அப்ப நாலாம் படிவம், எங்க வீட்டுக்கு ஸ்ட்ரீமிக்ஸ் பிராட்பேண்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, மோடம் நேரா கம்ப்யூட்டர்ல, நடுவுல ரவுட்டர் கிவுட்டர் ஒண்ணும் கெடையாது. ஒரு நாள் நெட்ட போட்டு அஞ்சு நிமிஷம் கூட ஆகல, ஸ்கிரீன்ல ஒரு பொட்டி வந்து 60, 59, 58ன்னு எண்ணுது, சைபர் வந்ததும் கம்ப்யூட்டர் அதுவா ரீஸ்டார்ட் ஆகுது. திரும்ப நெட்ட போடுறேன், எண்ணுது, ரீஸ்டார்ட் ஆகுது. நான் எதையும் க்ளிக் பண்ணல, எந்த மெயிலயும் தொறக்கல. அதுதான் பிளாஸ்டர் வோர்ம், நெட்ல இருக்குற கம்ப்யூட்டர்களோட கதவ ஒவ்வொண்ணா தட்டிப் பாத்து, 135ஆம் போர்ட்டுங்குற கதவு தொறந்து கெடந்தா உள்ள வந்துரும். அப்பா திட்டு தாங்க முடியாம சைபர் கஃபே போயி, அங்க இருந்த அண்ணன் சொல்லித்தான் "ஷட்டவுன்" போட்டு ஒரு கோடு, ஒரு ஏ அடிச்சா எண்ணுறது நிக்கும்னே தெரிஞ்சுச்சு, ஓட்டைய அடைக்கிற அப்டேட்ட, பேட்ச்சுன்னு சொல்வாங்க, அத சிடில எழுதிக்கிட்டு வந்து போட்டோம். மைக்ரோசாஃப்ட் அந்த பேட்ச்ச ஜூலைலயே விட்டிருந்துச்சு, நாங்கதான் போடல. அப்ப இருந்த விண்டோஸ் எக்ஸ்பில ஃபயர்வால்னு ஒண்ணு இருந்துச்சுதான், ஆனா அதுவா ஓடாது, நாமளா தேடிப்போய் ஆன் பண்ணணும், 2004 ஆகஸ்ட்ல சர்வீஸ் பேக் 2 வந்தப்புறம்தான் தானா ஓட ஆரம்பிச்சுது.

2017 மே மாசம் வானாக்ரை வந்தப்பவும் கிட்டத்தட்ட அதே கததான், 445ஆம் போர்ட்டு வழியா கம்ப்யூட்டருக்கு கம்ப்யூட்டர் தாவி, ஃபைல எல்லாம் பூட்டிட்டு 300 டாலர் பிட்காயின்ல குடுன்னு கேட்டுச்சு, இங்கிலாந்துல பல ஆஸ்பத்திரிங்க படுத்துருச்சு. அதுக்கும் பேட்ச் மார்ச்சுலயே வந்தாச்சு. அப்ப மாமா கம்ப்யூட்டர்ல அப்டேட் கெடையாது, ஆனாலும் தப்பிச்சிருச்சு, அதுக்கு நான் காரணம் இல்ல, ரவுட்டரு ஒரு காரணம்.

அது எப்படின்னு மாமாவுக்கு நான் சொன்ன மாதிரியே சொல்றேன், வேற மாதிரி எனக்கு சொல்லத் தெரியாது. கொண்டோ அடுக்குமாடில கார்ட் ஹவுஸ் இருக்குல்ல, வெளில இருந்து வர்றவன நிறுத்தி எந்த வீட்டுக்கு, யாரு கூப்ட்டாங்கன்னு கேப்பான், யாரும் கூப்புடலன்னா திருப்பி அனுப்பிடுவான், அதுதான் ரவுட்டர். உள்ள வந்தப்புறம் நம்ம வீட்டு வாசல்ல ஒரு கிரில் கதவு இருக்கு, அதுதான் கம்ப்யூட்டர்ல இருக்குற ஃபயர்வால். "அதான் கார்ட் இருக்கான்ல, அப்புறம் கிரில்லு எதுக்கு?"ன்னாரு மாமா. நல்ல கேள்வி. கார்டு வெளியாள மட்டும்தான் பாப்பான், பக்கத்து வீட்டுக்காரனே திருடனா இருந்தா? வீட்டு வைஃபைல என்னென்ன இருக்குன்னு எண்ணிப் பாத்தோம், நாலு போனு, ஸ்மார்ட் டிவி, சிசிடிவி பொட்டி, பாசார் மாலாம் ராத்திரி சந்தைல வாங்குன ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ் ஒண்ணு. அந்த மாதிரி பேரு தெரியாத டிவி பாக்ஸ்ல ஃபேக்டரில இருந்து வரும்போதே வைரஸோட வர்றதெல்லாம் உண்டு, பேட்பாக்ஸ்னு பேரு, 2025 ஜூன்ல எஃப்பிஐயே எச்சரிக்க விட்டுச்சு. சிசிடிவிக்கு பாஸ்வேர்டு என்னன்னு கேட்டா, வந்து மாட்டுன பையன் வச்சுட்டுப் போன 12345 அப்படியே இருக்கு. 2016ல மிராய்னு ஒண்ணு ஒலகம் பூரா கேமராவையும் சிசிடிவி பொட்டியையும் புடிச்சதே இந்த மாதிரி கம்பெனி பாஸ்வேர்டு ஒரு அறுபது வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துத்தான். இதெல்லாம் கார்ட் ஹவுஸுக்கு உள்ள குடியிருக்குற ஆளுங்க, அதுக்குத்தான் மாமா கிரில்லுன்னேன்.

இதுல பலபேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு, கார்ட் உள்ள வர்றவனத்தான் கேள்வி கேப்பான், வெளில போறவன கேக்க மாட்டான். விண்டோஸ் ஃபயர்வாலும் வாங்குன படியே விட்டா அப்படித்தான், கூப்புடாம உள்ள வர்றத தடுக்கும், உள்ள இருந்து வெளில போறத எல்லாம் விட்டுடும். அதனால நாமளே கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வந்த ஆளு வெளில யாருகிட்ட பேசுனாலும் அது தடுக்காது. மாமா வீட்டு மைனர் அப்படி வந்ததுதான், நான் ஃபயர்வால ஆன் பண்ணியே வச்சிருந்தாலும் வந்திருக்கும்.

யாரு கூட்டிட்டு வந்தாங்கன்னா, பேரன். பதிமூணு வயசு, கேம்ல குறுக்கு வழில ஜெயிக்க ஏதோ சீட் புரோகிராம் வேணும்னு ஒரு வீடியோல பாத்து டவுன்லோட் பண்ணியிருக்கான். அதுலயே மொத வரில "ஓடுறதுக்கு முன்னாடி ஆன்ட்டிவைரஸ ஆஃப் பண்ணு, இது சும்மா தப்பா காட்டும்"னு எழுதியிருக்கு. "ஆஃப் பண்ணியா?"ன்னு கேட்டேன். "இல்ல மாமா, அது ஒண்ணுமே சொல்லல, அப்படியே ஓடிருச்சு"ன்னான். எப்படி சொல்லும், அது 2016லயே செத்துப்போச்சே. திட்டலாம்னு வாய தொறந்தேன், அவன் வயசுல நான், திருட்டு லைசன்ஸ் கீ செஞ்சு குடுக்குற கீஜென் புரோகிராம்ல வர்ற மியூசிக்க கேட்டுக்கிட்டே இதே வேலையத்தான் பண்ணேன், பிராங்கின் மால் பக்கம் அஞ்சு வெள்ளி சிடிக்கு அலைஞ்சது எல்லாம் ஞாபகம் வந்துருச்சு, வாய மூடிக்கிட்டேன்.

சரி, என்ன பண்ணேன்னு சொல்றேன். மொதல்ல நெட் வயர புடுங்கினேன். எக்ஸெல், ஃபோட்டோ, வீடியோ மட்டும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல எடுத்தேன், .எக்ஸின்னு முடியிற புரோகிராம் ஃபைல் எதையும் தொடல. வைரஸ தேடித்தேடி புடுங்குறதுக்கு பதிலா மொத்தமா அழிச்சு விண்டோஸ புதுசா போட்டுட்டேன், இவ்ளோ நாள் கதவு தொறந்து கெடந்த வீட்ல எது எங்க ஒளிஞ்சிருக்குன்னு யாரு கண்டா. மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்தே மீடியா கிரியேஷன் டூல எடுத்து என் லேப்டாப்ல பென்டிரைவ் செஞ்சேன், கடைல வாங்கும்போதே ஒரிஜினல் விண்டோஸ்தான் இருந்துச்சு, அது மட்டும் நல்ல நேரம். டிஸ்க்ல எடுத்த ஃபைல திரும்ப ஏத்துறதுக்கு முன்னாடி என் லேப்டாப்ல ஒரு ஸ்கேன், மாமா கம்ப்யூட்டர்ல டிஃபெண்டர அப்டேட் பண்ணிட்டு இன்னொரு ஸ்கேன். அழிக்கிற அளவுக்கு போக வேணாம், சும்மா சந்தேகமா இருக்குன்னா டிஃபெண்டர்லயே ஆஃப்லைன் ஸ்கேன்னு ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டர ரீஸ்டார்ட் பண்ணி விண்டோஸ் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே தேடும், கால் மணி நேரம் ஆகும், விண்டோஸ் ஓடும்போது ஒளிஞ்சுக்கிறதெல்லாம் அதுல மாட்டும். அப்படியே எக்ஸ்குளூஷன்ஸ்னு ஒரு லிஸ்ட் இருக்கும் அதையும் தொறந்து பாருங்க, சில வைரஸ் மொத வேலையா தன் பேர அதுல எழுதி வச்சிக்கும், வீட்டு கம்ப்யூட்டர்ல அது காலியாத்தான் இருக்கணும்.

அடுத்து பெரிய தலவலி, அது பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் 11 ஏறாது, அதுக்கு டிபிஎம் 2.0ங்குற பாதுகாப்பு சிப்பு வேணும், இன்டெல் புராசஸர்னா எட்டாவது ஜெனரேஷனாவது வேணும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் கைய கழுவிருச்சு. ஆனா இஎஸ்யூன்னு ஒரு வருஷம் நீட்டிப்பு குடுத்திருக்காங்க, 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல செட்டிங்ஸ பேக்கப் பண்ணிக்கிட்டா காசு வேணாம், இல்லைன்னா 30 டாலர். விண்டோஸ் 10ல கடைசியா வந்த 22எச்2 வெர்ஷன் இருந்தாத்தான் அந்த பட்டனே தெரியும். அத போட்டு விட்டேன், அந்த தேதிக்குள்ள வேற கம்ப்யூட்டர் வாங்கணும் மாமான்னும் சொல்லிட்டேன். "இதுதான் நல்லா ஓடுதே"ன்னாரு.

ஆன்ட்டிவைரஸ் காசு குடுத்து வாங்கணுமான்னு எல்லாரும் கேக்குறாங்க. என்னைக் கேட்டா இந்த மாதிரி வீட்டுக்கு தேவையில்ல. ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ்னு ரெண்டு லேப் இருக்கு, பல ஆன்ட்டிவைரஸ ஒழுங்கா சோதிச்சு முடிவ வெளியிடுவாங்க, அதுல டிஃபெண்டர் நல்லாவே தேறுது. வாங்குறவங்க வாங்கட்டும், ஆனா ஓசி கீ, கிராக், "லைஃப்டைம் லைசன்ஸ் பத்து வெள்ளி" இதெல்லாம் வேணாம், டிஃபெண்டர தூங்க வைக்கிறது மட்டும்தான் அதுல நடக்கும். ரெண்டு மூணு ஆன்ட்டிவைரஸ் ஒண்ணா போட்டா டபுள் பாதுகாப்புன்னு நெனைக்கிறவங்களும் இருக்காங்க, ரெண்டும் ஒரே ஃபைலுக்கு சண்ட போட்டு கம்ப்யூட்டர்தான் படுக்கும்.

மாமாவுக்கு நம்பிக்க வரல, "இது முழிச்சிருக்கா தூங்குதான்னு எப்படி தெரியும், போன தடவையும் பச்ச டிக் இருந்துச்சே"ன்னாரு, குத்தாம குத்துறது அப்படித்தான். அதுக்குன்னே ஐக்கார்னு ஒரு டெஸ்ட் இருக்கு, 68 எழுத்து, உண்மைல வைரஸ் கெடையாது, ஒண்ணும் பண்ணாது, ஆனா உருப்படியான ஆன்ட்டிவைரஸ் எதுவா இருந்தாலும் அத பாத்ததும் கத்தணும்னு பேசி வச்சிருக்காங்க. நோட்பேட்ல ஒட்டி சேவ் பண்ணேன், ரெண்டு செகண்டு, டிஃபெண்டர் புடிச்சு உள்ள தள்ளிருச்சு. மாமா மொகத்துல ஒரு சிரிப்பு, பக்கத்து வீட்டு அங்கிள கூப்ட்டு அவருக்கும் ஒரு தடவ செஞ்சு காட்டச் சொன்னாரு.

அப்புறம் சின்னச்சின்ன வேலைங்க. ரவுட்டர் பாஸ்வேர்டயும் சிசிடிவி பாஸ்வேர்டயும் மாத்துனேன், டிவி பாக்ஸ கெஸ்ட் வைஃபைக்கு தள்ளுனேன். ஃபைல பூட்டிட்டு காசு கேக்குற ரேன்சம்வேர் வந்தா ஃபைல தொடாம இருக்க கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ்னு ஒண்ணு இருக்கு, அது ஆஃப்லதான் வரும், ஆன் பண்ணேன், சில புரோகிராம் சேவ் ஆகலன்னு முரண்டு புடிக்கும், அத ஒவ்வொண்ணா அனுமதிக்கணும், பொறும வேணும். எக்ஸ்டர்னல் டிஸ்க்ல மாசத்துக்கு ஒரு தடவ காப்பி எடுத்துட்டு வயர கழட்டி அலமாரில வைக்கச் சொன்னேன், மாட்டியே வச்சிருந்தா ரேன்சம்வேர் அதையும் சேத்து பூட்டும். அத்தைக்கு அடிக்கடி ஸ்கிரீன் மூலைல "உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ்"னு வருமாம், அது பிரவுசர்ல எப்பவோ ஒரு சைட்டுக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி குடுத்ததுனால, அழிக்கிறதுக்கு முன்னாடி அந்த லிஸ்ட்ல சமையல் குறிப்பு சைட்டுன்னு பேரு வச்சுக்கிட்டு நாலு இருந்துச்சு, அழிச்சதோட எல்லாம் போயிருச்சு. அத அமுக்கி ஸ்கிரீன் பூரா ஒரு பொட்டி வந்து அதுல போன் நம்பர் இருந்தா கூப்புடவே கூடாது, ஆல்ட்டும் எஃப்4ம் சேத்து அமுக்கி மூடுங்கன்னேன். வாட்ஸ்அப்ல கல்யாண பத்திரிகன்னு ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல், வர்றதும் நம்ம மலேசியால நடக்குது, அத போன்ல போட்டா எஸ்எம்எஸ்ஸ எல்லாம் படிச்சு பேங்க் காச எடுத்துருவானுங்க, அதுக்கு கம்ப்யூட்டர் ஆன்ட்டிவைரஸ் ஒண்ணும் செய்யாது. காசு போயிட்டா ஒடனே மோசடி புகார் நம்பர் 997க்கு அடிக்கணும், அந்த நம்பர ஐஸ்பொட்டி மேல எழுதி ஒட்டிட்டேன், வீணா சந்தேகப்பட்டதுக்கு அதுக்கும் ஒரு மரியாத.

கடைசியா ஒரு வேல. இவ்ளோ நாள் மாமாவும் பேரனும் ஒரே அட்மின் அக்கவுண்ட்லதான் இருந்தாங்க, எது கேட்டாலும் "யெஸ்" அமுக்குனா முடிஞ்சுச்சு. இப்ப ஆளுக்கொரு சாதா அக்கவுண்ட், அட்மின் தனி. எதையாவது இன்ஸ்டால் பண்ணணும்னா பாஸ்வேர்டு கேக்கும். அந்த பாஸ்வேர்ட யாருகிட்ட குடுக்குறதுன்னு யோசிச்சேன், மாமாகிட்ட குடுத்தா பேரன் கொஞ்சுனா குடுத்துருவாரு, மச்சான்கிட்ட குடுத்தா மறந்துருவான், எனக்கு நானே நல்லா தெரியும். அத்தைகிட்ட குடுத்தேன். அஞ்சறப்பொட்டி மூடிக்கு உள்பக்கம் பேப்பர்ல எழுதி ஒட்டி வச்சிருக்காங்க, மஞ்சக்கறையோட.

நேத்து ராத்திரி பத்து மணிக்கு அத்தை போன். "தம்பி, இந்த பையன் ஏதோ ஜாவாவாம், பாஸ்வேர்டு போட்டுக் குடுன்னு ஒரு மணி நேரமா நிக்கிறான். எதுக்குடான்னு கேட்டா சும்மாத்தான் பாட்டிங்குறான். சும்மாவுக்கு எல்லாம் கெடையாது, போய் படுன்னுட்டேன், சரிதானே?"